வாங்குற வாய், கொடுக்கிற வாய்

திருடன் ஒயரையெல்லாம் விட்டுவிட்டுப் போயிருந்தான்.

ரிக்கார்டிங் அறையின் நடுவில் ஓர் இரும்பு ஸ்டாண்டு வெறுமனே நின்றது. அதன் பலகை முழுவதும் தூசு. நடுவில் மட்டும், ஒரு பெரிய புத்தகத்தை விரித்து வைத்த அளவுக்குச் சுத்தமான இடம். நேற்று மாலை வரை அந்த இடத்தில், ஆள் இல்லாமலே தாளம் வாசிக்கும் ஒரு டிரம் மெஷின் இருந்தது. இன்று காலை ஸ்டூடியோ முதலாளி கதவைத் திறந்தபோது இல்லை. அதிலிருந்து பிடுங்கப்பட்ட நாலு ஒயர்கள் ஸ்டாண்டின் ஓரமாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

துப்பறிவாளர் தராசு, காலியான ஸ்டாண்டைப் பார்க்காமல் அந்த ஒயர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எதையும் நிறுத்துப் பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டார் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். பக்கத்தில் நின்றவன் அவருடைய மனைவியின் தம்பி. அக்கா புகுந்த வீட்டுக்கு வந்தபோது துணைக்கு என்று வந்து, திரும்பிப் போகாமலே தங்கிவிட்டவன். கொசுறு என்ற பெயரை அவனேதான் தனக்கு வைத்துக்கொண்டான். மற்றவர்கள் வைப்பதற்குள் நாமே வைத்துக்கொண்டால் வலி குறைவு என்பது அவன் கட்சி.

"ஆளை நானே சொல்லிட்டேன். நீங்க ஆதாரத்தை மட்டும் கண்டுபிடிங்க," என்றார் முதலாளி. ஒரு கண்ணாடி மூக்கிலும் இன்னொரு கண்ணாடி நெற்றியிலுமாக இருந்தவர். இரண்டிலும் அவருக்கு ஸ்டூடியோவின் பழைய டிரம்மர் மட்டுமே தெரிந்தார்.

"விடையைக் கொடுத்துட்டு கேள்வியைத் தேடச் சொல்றார் மாமா," என்றான் கொசுறு.

"டிரம்மருக்கு என்ன கோபம்?" என்று தராசு கேட்டார்.

"மூணு மாசம் முன்னாடி மெஷின் வந்துச்சு, அவனை நிறுத்திட்டேன். அதான் கோபம். அந்த வாரமே கலைஞர்கள் கூட்டத்துல மைக்கைப் பிடிச்சு சபதம் போட்டான். 'அந்தப் பெட்டி மேல என் விரல் பட்டா என்னை மனுஷன்னு மதிக்காதீங்க. அதை ஒரு நாள் சாக்கடையில எறிஞ்சே தீருவேன்'னு."

"விரல் படாம எப்படி எறிவாரு?" என்றான் கொசுறு.

முதலாளி அவனை நெற்றிக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல் பார்த்தார். "நேத்து சாயங்காலம் அவன் பையோட பின்பக்க மாடிப்படியில இறங்கிப் போனதைக் கீழ்க் கடைக்காரர் பார்த்திருக்கார். பின்கதவுச் சாவியை அவன் இன்னும் திருப்பித் தரலை. இதுக்கு மேல என்ன வேணும்? இன்னிக்குச் சாயங்காலம் நடனக் குழு அம்மா வராங்க. மெஷின் தானா வாசிக்கறதைக் கண்ணால பார்த்தாதான் ஊர் ஊரா எடுத்துட்டுப் போவாங்க. அதுக்குள்ள பெட்டி வரலைன்னா ஸ்டேஷன்ல அவன் பேரைக் கொடுத்துடுவேன்."

மூலையில் இருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அங்கே ஸ்டூலில் கீபோர்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, நீள விரல்கள், கையில் கசங்கிய கைக்குட்டை. மெஷினை வாங்கலாம் என்று யோசனை சொன்னவர், அதை வாசிக்க வைத்தவர் எல்லாம் அவர்தான்.

"பிள்ளை மாதிரி பார்த்துக்கிட்டேன் சார்," என்றார்.

"இவர் மேல சந்தேகமே வேண்டாம்," என்றார் முதலாளி. "நேத்து வேலை முடிஞ்சு வாசல் வரைக்கும் நானே கூட வந்தேன். கையில இந்தக் கைக்குட்டையைத் தவிர ஒண்ணும் இல்லை."

தராசு குனிந்து ஒவ்வோர் ஒயராகத் தூக்கினார். ஒன்று கரன்ட் ஒயர். இரண்டு தடித்த ஒயர்கள், எல்லா வாத்தியச் சத்தத்தையும் ஒன்றாகக் கலக்கிற, சுவரோரம் இருந்த மிக்ஸருக்குப் போயின. நாலாவது ஒயரின் முனையில் ஐந்து சின்னக் கம்பிகள் வட்டமாக நின்றன. அதன் மறுமுனை கீபோர்டின் முதுகுப்பக்கம் போய் ஒளிந்தது.

"கரன்ட் ஒயரை விட்டுட்டுப் போயிருக்கான்," என்றார் தராசு. "விக்கறவனா இருந்தா எடுத்திருப்பான். வாசிக்கறவனா இருந்தாலும் எடுத்திருப்பான். அப்ப எடுத்தவனுக்குப் பெட்டி தேவையில்லை. பெட்டி இங்க இருக்கக் கூடாது, அவ்வளவுதான்."

"அதைத்தானே நான் காலையில இருந்து கத்தறேன். டிரம்மர்."

"இந்த ஒயர் எதுக்கு?" தராசு நாலாவதைக் காட்டிக் கீபோர்டுக்காரரைக் கேட்டார்.

கைக்குட்டை ஒருமுறை நெற்றிக்குப் போய் வந்தது. "அது மெஷினையும் கீபோர்டையும் இணைக்கிறது சார். மெஷின்தான் தலைவர். நான் வாசிச்ச பாட்டு முழுக்க கீபோர்டோட ஞாபகத்துல இருக்கு. மெஷின் தாளத்தைத் தட்டினா போதும், கீபோர்டு பின்னாடியே வந்துடும்."

தராசு கீபோர்டுக்குப் பின்னால் மண்டியிட்டார். "கண்ணு தெரியலை மாப்பிள்ளை. ஒயர் எந்த ஓட்டையில இருக்கு, படி."

கொசுறு தலையை நுழைத்துப் பார்த்தான். "இன், அவுட்னு ரெண்டு இருக்கு. ஒயர் அவுட்ல இருக்கு மாமா."

"ம்," என்றார் தராசு. அவர் "ம்" என்றால் தராசுத் தட்டில் ஏதோ விழுந்துவிட்டது என்று கொசுறுக்குத் தெரியும். என்ன விழுந்தது என்பதை மட்டும் சொல்ல மாட்டார். அக்காவும் இதைத்தான் வருஷக்கணக்காகக் குறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மெஷின் வாசித்த பாட்டு ஒன்றைப் போடச் சொன்னார். முதலாளி பெருமையோடு போட்டார். தாளம் பாட்டின் தோளில் கை போட்டுக்கொண்டு நடப்பது போல் வந்தது. மெல்லிய இடத்தில் அடங்கியது, ஏறுகிற இடத்தில் கொஞ்சம் அவசரப்பட்டது. ஓரிடத்தில் கால் தடுக்கிய மாதிரி தடுமாறி, உடனே சுதாரித்துக்கொண்டது.

"இங்க என்ன தடுக்குது?"

"அதான் சார் இந்த மெஷினோட விசேஷமே," என்றார் முதலாளி. "மனுஷன் மாதிரியே அங்கங்க தப்புப் பண்ணும். இவர் அப்படி செட் பண்ணி வச்சிருக்கார்."

"அநியாயம்," என்றான் கொசுறு. "எங்க வீட்ல இந்த வேலையை நான் கரன்ட் இல்லாமலே செய்யறேன்."

ரிக்கார்டிங் அறைக்கும் முதலாளி உட்காரும் அறைக்கும் நடுவில் அகலமான கண்ணாடி. கண்ணாடி முழுவதும் கறுப்புத் திரை.

"திரை எதுக்கு?" என்றார் தராசு.

"யாராவது பார்த்தா கவனம் சிதறும்னு இவர்தான் போடச் சொன்னார்."

"யாருக்கு, மெஷினுக்கா?" என்றான் கொசுறு. கீபோர்டுக்காரர் ஸ்டூலை ஒரு சாண் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

வெளியே போகும்போது, மற்ற மூலையில் போர்வை போர்த்தியிருந்த பெரிய குவியலைத் தராசு காட்டினார்.

"அவனோட டிரம் செட்டு," என்றார் முதலாளி வெறுப்பாக. "வீட்ல இடமில்லையாம். அதைத் தொட்டா அதுக்கும் ஒரு கூட்டம் போட்டுப் பேசுவான். அதனால யாரும் தொடறதில்லை."

* * *

கீழ்த்தளத்தில் ஒயர்க் கடை. கித்தார் கம்பியிலிருந்து மைக் மூடி வரை எல்லாம் கூரையிலிருந்து தொங்கின. கடைக்காரர் ஒரு ஸ்பீக்கரின் வயிற்றைத் திறந்து வைத்து ஈயம் உருக்கிப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். மெஷினை வரவழைத்துக் கொடுத்தவரும் அவர்தான், டிரம்மரைப் படியில் பார்த்தவரும் அவர்தான்.

"பார்த்தேன்னு சொன்னேன். திருடினார்னு சொல்லலை. முதலாளி ரெண்டையும் அவரே ஒட்டவச்சுக்கிட்டார்," என்றார் தலை நிமிராமல்.

"நேத்து பார்த்தீங்க. முந்தாநாள்?" என்றார் தராசு.

"பார்த்தேன்."

"அதுக்கு முந்தின நாள்?"

"தினமும்தான் வரார். மத்தியானம் பின்படியில ஏறுவார், சாயங்காலம் இறங்குவார். ஞாயித்துக்கிழமை மட்டும் வர மாட்டார்."

"இதை முதலாளிகிட்ட ஏன் சொல்லலை?"

"நேத்து வந்தானான்னுதான் கேட்டார். நேத்து வந்தார். கேட்டதுக்குத்தானே பதில் சொல்ல முடியும்."

கொசுறு தராசின் காதுக்குள் சொன்னான்: "மாமா, ஆபீஸ் மாதிரி தினமும் வந்து, ஞாயித்துக்கிழமை லீவு எடுத்துக்கிற திருடனை இப்பத்தான் கேள்விப்படறேன். வருஷத்துக்கு ஒரு தடவை சம்பளம் ஏத்துவாங்களா?"

"அவர் கொண்டு போன பையில என்ன இருந்துச்சு?" என்றார் தராசு.

"பிளாஸ்க். வெந்நீர் இங்கதான் பிடிச்சுக்குவார். அது பிளாஸ்க்குக்குத் தைச்ச பை சார். பிளாஸ்க்கோட சேர்த்து ஒரு சீப்பு கூட அதுக்குள்ள வைக்க முடியாது."

தராசு கவுண்டரில் கையூன்றினார். "எனக்கு இன்னொரு சந்தேகம். கீபோர்டுக்கும் மெஷினுக்கும் நடுவுல ஒரு ஒயர் ஓடுதே, அஞ்சு கம்பி வச்சது. அது எந்தப் பக்கம் போகுது?"

கடைக்காரருக்கு முகம் மலர்ந்தது. தன் தொழிலைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கும் ஜாதி. ஈயக் கோலைக் கீழே வைத்தார்.

"முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும் சார். அந்த ஒயர்ல சத்தம் போகாது. சத்தத்துக்குத்தான் மிக்ஸருக்குப் போற ரெண்டு தடி ஒயர் இருக்கு. இதுல உத்தரவு மட்டும் போகும். 'இப்ப அடி, மெதுவா அடி, இன்னும் பலமா அடி.' அவுட் கொடுக்கிற வாய். இன் வாங்குற வாய். ஒருத்தரோட கொடுக்கிற வாயில இருந்து இன்னொருத்தரோட வாங்குற வாய்க்குப் போகணும். ரெண்டு முனையையும் கொடுக்கிற வாயிலயே சொருகினா ஒண்ணும் நடக்காது."

"எங்க அக்காவும் அம்மாவும் போன்ல பேசற மாதிரி," என்றான் கொசுறு. "ரெண்டு பக்கமும் கொடுக்கிற வாய்."

"அக்காகிட்ட சொல்லிடறேன்," என்றார் தராசு.

"இந்தக் கேஸ் முடியட்டும் மாமா. கடைசிச் சாப்பாடு நிம்மதியா சாப்பிட்டுக்கறேன்."

"கீபோர்டோட கொடுக்கிற வாயில ஒயர் இருந்தா என்ன அர்த்தம்?" என்று தராசு கடைக்காரரிடம் திரும்பினார்.

"கீபோர்டு எஜமான்னு அர்த்தம். கட்டையை அமுக்கினா மெஷினுக்குள்ள இருக்கற டிரம் சத்தம் வரும். ஒவ்வொரு கட்டைக்கும் ஒவ்வொரு சத்தம்."

"மெஷின் எஜமானா இருக்கணும்னா?"

"அதோட அவுட்ல இருந்து கீபோர்டோட இன்னுக்கு இன்னொரு ஒயர் போடணும். அப்புறம் கீபோர்டுல ஒரு செட்டிங் மாத்தணும். அதோட வேகத்தை அதுவே முடிவு பண்ணுமா, வெளியில இருந்து வர்ற வேகத்தைக் கேட்டு நடக்குமான்னு."

"சுயபுத்தியா, சொல்புத்தியா," என்றான் கொசுறு.

"அதேதான். அது தெரியாம எத்தனை பேர் மண்டையை உடைச்சுக்கறாங்க தெரியுமா." கடைக்காரர் கூரையைக் காட்டினார். "மெஷினை மேல கொண்டுபோய் வச்ச அன்னிக்கு, சத்தம் வருதான்னு பார்க்க ஒரே ஒரு ஒயரை நான் மாட்டினேன். கீபோர்டோட அவுட், மெஷினோட இன். இன்னொரு ஒயர் வேணும், வந்து வாங்கிக்கோங்க, மாட்டறதையும் சொல்லித் தரேன்னு கீபோர்டுக்காரர்கிட்ட சொன்னேன். 'எனக்கு எல்லாம் தெரியும்'னார். அந்த ரெண்டாவது ஒயர் அதோ, இன்னும் தொங்குது."

தராசு அந்த ஒயரைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். "அதே மாதிரி மெஷின் இன்னொண்ணு இருக்கா? சாயங்காலம் வரைக்கும் இரவல் வேணும்."

* * *

டிரம்மர் வீடு இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. கதவைத் திறந்தவர் வாசலை முழுசாக அடைத்துக்கொண்டு நின்றார். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து வந்த குரல் சின்னதாக இருந்தது.

"நான் எடுக்கலை," என்றார், யாரும் கேட்பதற்கு முன்பே.

உள்ளே ஒரு மேஜை, மூன்று நாற்காலி, ஒரு ஜன்னல். பேசும்போதெல்லாம் அவருடைய விரல்கள் மேஜை மேல் ஓடிக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு விரல் நுனியிலும் பிளாஸ்திரி சுற்றியிருந்தது.

"எடுக்கலை, சரி. ஆனா தினமும் பின்பக்கமா ஏறிப் போறீங்களே, எதுக்கு?" என்றார் தராசு.

"என் டிரம் செட்டைப் பார்க்க."

"மத்தியானத்துல இருந்து சாயங்காலம் வரைக்குமா?"

"நல்ல செட்டு."

கொசுறுக்கு அந்த மனிதரை அப்போதே பிடித்துவிட்டது. "விரல்ல என்னங்க?" என்று கேட்டான்.

"கதவு இடுக்குல நசுங்கிடுச்சு."

"ரெண்டு கையுமா? எல்லா விரலும்?"

"பெரிய கதவு," என்றார் டிரம்மர்.

தராசு சிரிக்கவில்லை. "சாயங்காலம் முதலாளி ஸ்டேஷனுக்குப் போகப் போறார். தெரியுமா?"

விரல்கள் நின்றன. "தெரியும். திங்கள்கிழமை ஒரு பள்ளிக்கூடத்துல சேரணும் சார். பசங்களுக்குத் தாளம் சொல்லிக் கொடுக்கற வேலை. திருட்டுக் கேஸ்ல பேர் வந்துச்சுன்னா கேட்டுக்குள்ளயே விட மாட்டாங்க. என் பொண்டாட்டி அந்த வேலையை நம்பி அவ வேலையை விட்டுட்டு, அவ அம்மாவைப் பார்த்துக்கறதுக்காக வீட்ல இருக்கப் போறா. எல்லாம் தெரியும்."

"அப்ப நடந்ததைச் சொல்லிடலாமே."

டிரம்மர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "சொன்னா திருடன்ங்கிற பேர் போயிடும். அதை விட அசிங்கமா ஒரு பேர் வந்து ஒட்டிக்கும். இது தேவலை சார்."

படி இறங்கும்போது கொசுறு சொன்னான்: "திருடன்ங்கிறதை விட அசிங்கமான பேர் எது மாமா? கொசுறுன்னு கூட ஒருத்தன் சந்தோஷமா வாழ்ந்துக்கிட்டிருக்கான்."

"குச்சி பிடிச்சு டிரம் அடிக்கிறவனுக்குக் கையில எங்க காய்ச்சுப் போகும்?"

"உள்ளங்கையில."

"இந்த மனுஷனுக்கு எங்க புண்ணு?"

கொசுறு இரண்டு படி இறங்கினான். மூன்றாவது படியில் நின்றுவிட்டான். அவனுக்கு எப்போதாவதுதான் விஷயம் புரியும். புரிந்துவிட்டால் கால் ஓடாது.

"மாமா," என்றான். "அந்த ஆள் சபதத்தைக் காப்பாத்திக்கிட்டே சபதத்தை உடைச்சிருக்கான்."

"மேல போய் அவரையும் கூட்டிட்டு வா," என்றார் தராசு. "முன்வாசல் வழியா வரச் சொல்லு."

* * *

சாயங்காலம் ரிக்கார்டிங் அறையில் வெளிச்சம் சாய்வாக விழுந்திருந்தது. திரையைத் தராசு விலக்கச் சொல்லியிருந்தார். டிரம்மர் உள்ளே வந்ததும் முதலாளி இரண்டு கண்ணாடியையும் கழற்றிவிட்டு எழுந்தார்.

"இவனை எதுக்கு உள்ள விட்டீங்க?"

"ஒரு நிமிஷம்," என்றார் தராசு. இரவல் வாங்கி வந்த மெஷினைக் காலி ஸ்டாண்டின் மேல் வைத்தார். "அதே கம்பெனி, அதே பெட்டி. நடனக் குழு அம்மா வர்றதுக்குள்ள தயாரா இருக்கணும். சார், இதைக் கொஞ்சம் இணைச்சுக் கொடுங்க."

கீபோர்டுக்காரர் எழுந்து வந்தார். அறையில் எல்லோரும் சும்மா நின்றார்கள். சும்மா நிற்கிறவர்களின் பார்வைக்குத்தான் கனம் அதிகம். கரன்ட் ஒயரைச் சொருகினார். மிக்ஸர் ஒயர்கள் இரண்டையும் கொஞ்சம் தேடிச் சொருகினார். நாலாவது ஒயரை எடுத்து மெஷினின் பின்னால் தடவினார். ஓர் ஓட்டையில் வைத்தார், எடுத்தார், அடுத்ததில் வைத்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார்.

கொசுறு எட்டிப் பார்த்தான். அங்கேயும் அவுட்.

"ரெண்டும் கொடுக்கிற வாய் மாமா," என்றான் மெதுவாக.

"ஓட விடுங்க," என்றார் தராசு.

கீபோர்டுக்காரர் மெஷினின் பொத்தானை அமுக்கினார். டம், டக், டம், டக் என்று கம்பெனிக்காரர்கள் உள்ளே போட்டு அனுப்பியிருந்த தாளம் ஒன்று மொட்டையாக ஓடியது. கீபோர்டு வாயே திறக்கவில்லை. மெஷினை நிறுத்திவிட்டுக் கட்டைகளை அமுக்கினார். கீபோர்டின் சொந்த சத்தம் வந்தது. மெஷின் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சமாதானமாகாத சம்பந்திகள் மாதிரி இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

"இன்னிக்கு என்னமோ மூடு சரியில்லை," என்றார் கீபோர்டுக்காரர். கைக்குட்டை நனைந்திருந்தது.

தராசு ஒயரைப் பிடுங்கிப் பக்கத்து ஓட்டையில், வாங்குற வாயில், சொருகினார். கீபோர்டின் சொந்தச் சத்தத்தைப் பூஜ்யத்துக்குக் குறைத்தார். டிரம்மரைப் பார்த்தார்.

"வாங்க. உங்க செட்டை ஒரு தடவை பார்த்துடுங்க."

டிரம்மர் அசையவில்லை. முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். டிரம்மருடைய கைகள் மட்டும் தொடையில் எதையோ தட்டிக்கொண்டிருந்தன. பிறகு, யாரோ பின்னாலிருந்து தள்ளிய மாதிரி அவர் நடந்து போய் கீபோர்டின் முன் உட்கார்ந்தார். பிளாஸ்திரி போட்ட விரல்கள் கட்டைகளின் மேல் விழுந்தன.

பாட்டின் தோளில் கை போட்டு நடக்கும் அதே தாளம் ஸ்பீக்கரிலிருந்து வந்தது. மெல்லிய இடத்தில் அடங்கியது. ஏறுகிற இடத்தில் அவசரப்பட்டது.

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். "இதுதான் அந்த மெஷின்," என்றார்.

"இதுதான்," என்றார் தராசு. "மூணு மாசமா திரைக்குப் பின்னாடி வாசிச்ச மெஷின் இவர்தான். மெஷின் தலைவரா இருந்திருந்தா ஒயர் கீபோர்டோட வாங்குற வாயில இருந்திருக்கணும். கொடுக்கிற வாயில இருந்துச்சு. யாரோ கட்டையில அடிச்சு மெஷினைப் பேச வச்சிருக்காங்க. தப்புப் பண்ற மெஷின், லீவு எடுக்கற திருடன், நுனி விரல்ல புண்ணு. எல்லாம் ஒரே ஆள்தான்."

டிரம்மர் கையை எடுத்துவிட்டார். "பெட்டியை நான் தொடலை," என்றார். "அன்னிக்கும் தொடலை, இன்னிக்கும் தொடலை. கட்டையைத்தான் தொட்டேன்."

கீபோர்டுக்காரர் சுவரில் சாய்ந்துகொண்டார். பேசத் தொடங்கியபோது அவர் முகத்தில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. "மெஷின் வந்தா நாமளும் பெரிய ஸ்டூடியோ ஆயிடலாம்னு நான்தான் முதலாளியை நச்சரிச்சேன். வந்தப்புறம் பார்த்தா எனக்கு ஒண்ணும் புரியலை. யாரையும் கேக்க வெக்கம். மறுநாளே ரிக்கார்டிங். இவர் வீட்டுக்கு ஓடினேன். கால்ல விழாத குறை."

"விழுந்தார்," என்றார் டிரம்மர்.

"விழுந்தேன். ஒரு நாளைக்குன்னு கூப்பிட்டது, தினமும் ஆயிடுச்சு. இன்னிக்கு அந்த அம்மா வந்து திரையை எடுக்கச் சொல்வாங்க. ரெண்டு நாள் பெட்டி காணாம இருந்தா வேற ஏதாவது வழி தோணும்னு பார்த்தேன். இவர் பேர் இதுல வரும்னு நான் நினைக்கலை சார். வந்தப்புறம் வாய் வரலை."

"அந்தப் பெட்டியால வேலை போனது இவருக்குத்தான், அது காணாம போனா முதல்ல இவர் பேர்தான் வரும். அது கூடவா நினைக்கலை?" என்றார் தராசு.

முதலாளி டிரம்மரிடம் திரும்பினார். குரல் தழைந்திருந்தது. "நீ ஏன்யா வந்த? நான்தான் உன்னை வேண்டாம்னு சொல்லிட்டேனே."

"வீட்ல மேஜைதான் இருக்கு சார். அதைத் தட்டினா கீழ் வீட்டுக்காரங்க சண்டைக்கு வராங்க." டிரம்மர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "ஒரு நாள் நீங்க மைக்ல கேட்டீங்க. 'அந்த டிரம்மர் ஒரு நாளாவது இப்படி வாசிச்சிருக்கானா'ன்னு. நான் இங்கதான் உக்காந்திருந்தேன். அன்னிக்கு வீட்டுக்குப் போய் நல்லா சாப்பிட்டேன்."

முதலாளி, "பெட்டி எங்க?" என்றார், அதைக் கேட்டால் வேறு எதையும் பேச வேண்டியதில்லை என்பது போல்.

"அவர் வெறுங்கையோட போனார்னு நீங்கதான் சாட்சி. அப்ப அது இந்த அறையை விட்டுப் போகவே இல்லை," என்றார் தராசு. "இங்க யாருமே தொடாத பொருள் ஒண்ணுதான். மாப்பிள்ளை."

கொசுறு மூலைக்குப் போய்ப் போர்வையை இழுத்தான். டிரம் செட்டின் பெரிய உருளைக்கு முன்பக்கத் தோல் இல்லை. சத்தத்தை அடக்க உள்ளே ஒரு பழைய தலையணை. அதற்குக் கீழே கை விட்டான். குளிர்ச்சியாக ஒரு பெட்டி தட்டுப்பட்டது.

"ஜாக்கிரதையாத்தான் வச்சிருக்கார்," என்றான். "தலையணை எல்லாம் போட்டு."

முதலாளி போனை எடுத்தார். டிரம்மர் எழுந்து, அந்தப் போன் இருந்த கையைத் தன் பெரிய கையால் மூடினார்.

"வேண்டாம் சார். வேலை போயிடுமோன்னு பயந்தவன் என்னென்ன செய்வான்னு எனக்குத் தெரியும். நான் கூட்டத்துல மைக் பிடிச்சேன். இவர் பெட்டியை ஒளிச்சார்."

முதலாளி போனைப் பையில் போட்டுக்கொண்டார். "மன்னிச்சுக்கோப்பா," என்றார், தரையைப் பார்த்து. "நீ திரும்பி வந்துடு."

"திங்கள்கிழமை பள்ளிக்கூடம் போறேன் சார். சாயங்காலம் வேணும்னா வரேன். திரையில்லாம."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நடனக் குழு அம்மாள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். கூடவே, தராசு வரச் சொல்லியிருந்த கடைக்காரர், இரண்டாவது ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டு. அறையில் இருந்த முகங்களை எல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டு அந்த அம்மாள், "யாராவது இறந்துட்டாங்களா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. ஒருத்தர் கிடைச்சிருக்கார்," என்றான் கொசுறு.

கடைக்காரர் எதையும் விசாரிக்கவில்லை. இரவல் மெஷினை எடுத்துவிட்டு, கிடைத்த மெஷினை ஸ்டாண்டில் வைத்துப் பழைய ஒயர்களைச் சொருகினார். அதன் கொடுக்கிற வாயிலிருந்து கீபோர்டின் வாங்குற வாய்க்குப் புது ஒயரை மாட்டினார். கீபோர்டின் சத்தத்தை ஏற்றிவிட்டு, செட்டிங்கைச் சொல்புத்திக்கு மாற்றினார். "யாராவது அமுக்குங்க," என்றார்.

முதலாளி அமுக்கினார்.

தாளம் புறப்பட்டது. அதோடு ஒட்டிக்கொண்டு கீபோர்டும் புறப்பட்டது. முன்னால் ஆளே இல்லை. கீபோர்டுக்காரர் என்றைக்கோ வாசித்து அதன் ஞாபகத்தில் வைத்திருந்த பாட்டு, ஒரு சுரம் பிசகாமல், மெஷின் சொன்ன வேகத்தில் வந்துகொண்டிருந்தது. தடுக்கவில்லை, அவசரப்படவில்லை. கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நல்லா இருக்கே," என்றார் நடனக் குழு அம்மாள். "அப்ப வெளியூருக்கு இதை அமுக்கறதுக்கு ஒரு ஆள் வந்தா போதும், இல்லையா?"

"நானே வரேன்மா," என்றார் முதலாளி.

கொசுறு கீபோர்டுக்காரரைப் பார்த்தான். அவர் தன் கீபோர்டுக்கு எதிரே, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். நீள விரல்கள் காற்றில் பாட்டைத் தொடர்ந்து அசைந்தன. பிறகு, அசைய வேண்டிய அவசியம் இல்லை என்று அவற்றுக்குத் தெரிந்துவிட்டது.

டிரம்மர்தான் போய் ஸ்டூலைத் தூக்கி வந்து அவருக்குப் பின்னால் போட்டார். தோளைத் தொட்டார்.

"உக்காருங்க சார்," என்றார். "முதல் நாள் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும்."

கீபோர்டுக்காரர் உட்கார்ந்தார். பாட்டு அதற்குள் அவர் இல்லாமலே சரணத்துக்குப் போயிருந்தது.